அரைத் தேயிலைக் கரண்டி

— அதை மேசைக்கு அடியில தள்ளு, மதலேனா. இல்ல, அடியிலயும் வேண்டாம். அடுப்புல போட்டுரு.

— இரும்பு அடுப்புல வேகாதுங்களே, கிளாக்கரையா.

— அப்ப தண்ணிப் பீலிக்கு அந்தாண்டை பள்ளத்துல வீசு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்டியில இருந்து ஆக்கள் வாறாங்க. இந்தப் புள்ளைக்காம்பராவுல அந்தச் சாமான் அவங்க கண்ணுல படப்படாது. இந்தா, இதைப் புடி.

— இது என்னாங்க?

— கரண்டி.

— அது தெரியுதுங்க. சின்னதா, பூப் போட்டு, அழகா இருக்கு. எதுக்குங்க எனக்கு?

— உனக்கில்ல. புள்ளைக்காம்பராவுக்கு. ஆறு மாசமா இங்கதான் இருக்கு. விளங்குதா? கேட்டா, "இதாலதான் ஐயா நான் எப்பவும் அளக்கிறது"ன்னு சொல்லணும்.

— ஆறு மாசமா இருக்கிற கரண்டியில கடைக்காரன் ஒட்டின விலைத்தாள் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்குங்களே.

— சுரண்டு.

— சுரண்டுறேங்க. எனக்கும் வேற வேலை இல்ல. தொட்டில்ல கெடக்கிறதே மூணு புள்ளதான். மத்தவளுக எல்லாம் புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டாளுக. போன வியாழக்கிழமை அந்தக் கைப்புள்ள சுவக்கினைப் புதைச்சதுல இருந்து ஒருத்தியும் என் கையில புள்ளையக் குடுக்கிறதில்ல.

— அது ஆண்டவன் சித்தம்.

— உங்க ஆண்டவனுங்களா, எங்க ஆண்டவனுங்களா?

— மதலேனாம்மா...

— மாதாவே! இருபது வருஷமா "ஏய் ஆயா"ன்னுதான் கூப்பிட்டீங்க. இன்னைக்கு என்னாங்க திடீர்னு அம்மா?

— கவனி. உனக்கு நல்லதுக்குத்தான் வந்திருக்கேன். நாளைக்கு வாறவங்க விசாரணைக்கு வாறாங்க. ஒன்பது மாசக் குழந்தை செத்திருக்கு. ஏன், எப்படின்னு கேப்பாங்க. உனக்குப் பேச வராது, தடுமாறுவே. அதனால நானே உன் சார்புல ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். வாசிக்கிறேன், கேளு. "மேற்படி தோட்டத்தின் மழலையர் காப்பகப் பணிப்பெண்ணாகிய நான், எழுத்தறிவு வாய்க்கப்பெறாதவள். துண்டுப் பிரசுரத்தில் ஐயந்திரிபறக் குறிக்கப்பட்டிருந்த உப்பின் அளவைச் செவிவழியாகக் கேட்டுப் பிறழ உணர்ந்து, மிகைபடச் சேர்த்து..."

— நல்லா இருக்குங்க. கோயில்ல சாமியார் லத்தீன்ல வாசிச்ச காலம் மாதிரி இருக்கு. இதுல நான் எங்கங்க இருக்கேன்?

— முழுக்க நீதான்.

— "பிறழ"ன்னா?

— தப்பா.

— அப்ப தப்புன்னே எழுதிடலாமே.

— வாக்குமூலத்துக்குன்னு ஒரு நடை இருக்கு. சொல்லுக்கு ஒரு அந்தஸ்து இருக்கு, மதலேனா.

— அந்த அந்தஸ்தாலதானுங்க இவ்வளவும்.

— என்ன சொல்ற நீ? என் அளவுல ஒரு அணுப்பிழை கிடையாது. கவனி. வயித்தோட்டம் கண்ட புள்ளைக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணி குடுக்கணும்னு கண்டிச் சுகாதாரக் கந்தோர்ல இருந்து இங்கிலீஷ்ல கடிதம் வந்துச்சு. லீற்றருக்கு மூன்றரைக் கிராம் உப்பு, நாற்பது கிராம் சீனி. ராத்தலும் அவுன்ஸும் ஒழிஞ்சு கிராம் வந்த புதுசு. இந்தத் தோட்டத்துல கிராம் நிறுக்கத் தராசு எங்க இருக்கு?

— கொழுந்து நிறுக்கிற தராசு இருக்குங்களே.

— அதுல சுவக்கினையே தூக்கி வச்சாலும் முள்ளு அசையாது... இல்ல, அது வேற பேச்சு. நான் என்ன செஞ்சேன்? தபால் கந்தோருக்குப் போய்க் கடுதாசி நிறுக்கிற சின்னத் தராசை இரவல் வாங்கினேன். மூணு நாள் லீவு போட்டேன். உப்பைக் கரண்டி கரண்டியா நிறுத்தேன். சீனியை நிறுத்தேன். லீற்றரைப் போத்தலாக்கி, கிராமைக் கரண்டியாக்கி, போத்தலுக்கு அரைக் கரண்டி உப்பு, ஏழு கரண்டி சீனின்னு கண்டுபுடிச்சேன். மட்டமா, கத்தியால வழிச்ச கரண்டி. துரை என் கையைப் புடிச்சுக் குலுக்கினார். "மிஸ்டர் சேதுராமன், நீங்க கிளாக்கர் இல்ல, விஞ்ஞானி"ன்னார்.

— எந்தக் கரண்டியால நிறுத்தீங்க?

— வீட்டுல இருக்கிற சின்னக் கரண்டியால.

— தாள்ல எந்தக் கரண்டின்னு எழுதினீங்க?

— உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

— எனக்கென்னாங்க தெரியும். கத்தரீனாவுக்குத் தெரியும். சுவக்கினோட அம்மா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அன்னைக்குப் புள்ள கழிஞ்சு கழிஞ்சு வாடிப்போச்சுன்னு வேலைய விட்டு ஓடியாந்தா. சுவத்துல நீங்க ஒட்டின தாள் முன்னுக்கு நின்னு எழுத்துக் கூட்டி வாசிச்சா. "கொதித்தாறிய நீர் ஒரு போத்தலுக்கு அரைத் தேயிலைக் கரண்டி உப்பு, ஏழு தேயிலைக் கரண்டி சீனி." ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். ரெண்டு தடவையும் அதேதான். நான் தேயிலை டின்னைத் திறந்தேன். உள்ள கெடந்த கரண்டிய எடுத்தேன். அடுப்புல போடச் சொன்னீங்களே, அதுதான்.

— தேயிலைக் கரண்டின்னா அது இல்ல!

— வேற எதுங்க? ஸ்டோர்ல தகர வேலை செய்ற பாஸ் இரும்புத் தகட்டுல அடிச்சுக் குடுத்தது. அம்பது புள்ளைக்குத் தேத்தண்ணி போடத் தூள் அள்ளுறது. இந்தத் தோட்டத்துல யாரை எழுப்பிக் கேட்டாலும் அதுக்குப் பேரு தேயிலைக் கரண்டிதான்.

— நான் எழுதினது தேநீர் கலக்குற கரண்டி!

— அதுக்குத் தேக்கரண்டின்னு பேருங்களே. நாங்களே அப்படித்தான் சொல்றோம். கத்தரீனாவும் தேக்கரண்டின்னு இருந்தா தேக்கரண்டின்னுதான் வாசிச்சிருப்பா.

— முதல்ல நானும் தேக்கரண்டின்னுதான் எழுதினேன்.

— அப்புறம்?

— வெட்டினேன்.

— ஏங்க?

— "தே" என்கிறது தமிழா? சீனாக்காரன் சொல்லு. கண்டியில எங்க மன்றத்துல "தேநீர் விருந்து"ன்னு அழைப்பு அடிச்சதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை பூரா விவாதம் நடந்துச்சு. நாலு பேர் மன்றத்தை விட்டு விலகினாங்க.

— தேயிலையிலயும் தே இருக்குங்களே?

— அதுல இலை இருக்கு. இலை தமிழ். அதோட, கவனி, லயத்து வீடுகள்ல "தே"ன்னு வாய் திறந்தாலே எல்லாருக்கும் வேற ஒரு வார்த்தைதான் ஞாபகம் வரும். அரசாங்கப் பிரசுரத்துல அப்படி ஒரு ஓசை வரலாமா?

— அந்த வார்த்தையோட மகன் ஒருத்தனும் சாகலைங்க ஐயா. கத்தரீனாவோட மகன்தான் செத்தான்.

— நாக்கை அடக்கு.

— அடக்கிட்டேங்க. நீங்க கையை நீட்டுங்க. அந்த டப்பாவுல உப்பு இருக்கு. உங்க பூக் கரண்டியால இந்தக் கரண்டிய நிரப்புங்க. எனக்கு எண்ணத் தெரியும். வாசிக்கத்தான் தெரியாது.

— இதெல்லாம் எதுக்கு?

— மூணு நாள் லீவு போட்டு அளந்தவரு. மூணு நிமிஷம் அளக்க மாட்டீங்களா?

— ...ஒண்ணு.

— மட்டமாங்க. கத்தியால வழிச்சு.

— ஒண்ணு. ரெண்டு. மூணு. இது என்ன உப்பு, பரலும் தூளுமா?

— சங்கக் கடையில கல்லுப்புத்தாங்க வருது. அம்மியில நுணுக்கிப் போட்டது. தாள்ல என்னா உப்புன்னு இல்ல.

— நான் தூள் உப்புல நிறுத்தேன். நாலு. அஞ்சு.

— இன்னும் கொள்ளும்.

— ஆறு. வழியுது. போதும்.

— அப்ப இதுல அரைன்னா?

— மூணு.

— அரை போட வேண்டிய இடத்துல மூணு. எத்தனை மடங்குங்க?

— ...ஆறு.

— சீனி? இதுல ஏழுன்னா?

— நாற்பத்திரண்டு. அவ்வளவு சீனியா போட்டீங்க?

— நல்லாக் கேட்டீங்க. ஏழு தேயிலைக் கரண்டி சீனின்னு வாசிச்சதும் நானும் கத்தரீனாவும் சிரிச்சிட்டோங்க. புள்ள மடியில துவண்டு கெடக்கு, நாங்க சிரிக்கிறோம். துரை வீட்டுக் கேக்குக்குக்கூட இவ்வளவு கொட்ட மாட்டாங்கன்னு சொன்னா. இருந்தது ஒரு கரண்டி. அதப் போட்டோம். உப்புக்குத்தான் பஞ்சமில்லையே. அதச் சரியாப் போட்டோம்.

— வாயில வச்சுப் பார்க்கலையா? நாக்கு இல்லையா உனக்கு?

— பார்த்தேங்க. நாக்கு வெந்துச்சு. கத்தரீனாவப் புள்ளையோட உக்காரச் சொல்லிட்டு, உங்ககிட்டத்தான் ஓடியாந்தேன். மறந்துட்டீங்களா? பின்னேரம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல, நீங்க பேர் எழுதிக்கிட்டு நின்னீங்க. "ஐயா, தண்ணி ரொம்பக் கரிக்குது, அளவு சரிதானுங்களா"ன்னு கேட்டேன்.

— நான் என்ன சொன்னேன்?

— எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்க. "இது அரசாங்க அளவை. நாக்கால அளக்கிற வேலை இல்ல. தாள்ல உள்ளபடி செய்." நாலு ஆம்பிளைங்க சிரிச்சாங்க. நான் திரும்பிப் போயிட்டேன்.

— கூட்டத்துல நின்னு கேட்டா...

— தாள்ல இன்னொண்ணும் இருந்துச்சுங்க. "தாகம் தீருமட்டும் பருகக் கொடுக்கவும்." புள்ள வாயைத் திறந்து திறந்து கேட்டுச்சு. குடுத்தோம். கக்கிச்சு, திரும்பக் கேட்டுச்சு, திரும்பக் குடுத்தோம். குடுக்கக் குடுக்கத் தாகம் கூடிக்கிட்டே போச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு கத்தரீனா சொன்னா. புள்ள ஆசையாக் குடிக்குது பாரு ஆயம்மான்னா. அப்புறந்தான் வெட்டி வெட்டி இழுத்துச்சு.

— போதும்.

— இப்ப அவ என்னா செய்றா தெரியுங்களா? நாலு நாளாச் சோறு தொடல. விடிஞ்சா இங்க வந்து அந்தத் தாள் முன்னுக்கு நிக்கிறா. ஒவ்வொரு எழுத்தா விரலால தடவிப் பாக்கிறா. தான் தப்பா வாசிச்சிட்டதா நினைக்கிறா. அஞ்சாவதுக்கு மேல படிச்சிருந்தா புள்ள பொழைச்சிருக்கும்னு சொல்றா.

— பாவம். அவளுக்குச் சாவுச் செலவுக்கு ஏதும் பார்க்கலாம். மதலேனா, நான் சொல்றதக் கேளு. எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம். இந்த மலையில தாளும் பேனையுமா ஒரு தமிழன் தலைநிமிர்ந்து நிக்கிறது என்னோடயே முடியப்போகுது. என் பேர் கெட்டா அது என் பேர் மட்டுமா? உனக்கு என்ன? ஒரு கைநாட்டு. ஆயா வேலை போகும். திரும்ப மலையில கொழுந்தெடுக்கப் போவே, அவ்வளவுதான். உன் மகன் அந்தோனியோட பிரஜா உரிமைத் தாள் என் மேசையிலதான் கிடக்கு. அடுத்த வாரமே கண்டிக்கு அனுப்புறேன்.

— எட்டு மாசமா அந்த மேசையிலதானுங்க கெடக்கு.

— அதுக்குத்தான் சொல்றேன்.

— ஐயா, ஒண்ணு கேக்கவா? இந்தத் தாளை எத்தனை இடத்துல ஒட்டியிருக்கு?

— ரோணியோ மெசின்ல அடிச்சது. நம்ம தோட்டத்துல ஒண்ணு. ஹுன்னஸ்கிரியப் பக்கம் இன்னும் பதினொரு புள்ளைக்காம்பராவுக்கு அனுப்பினோம். துரையோட யோசனை. எனக்கு அதுல பெருமைதான். ஏன்?

— பதினொரு காம்பராவுலயும் தேயிலை டின் இருக்கும்.

— இருக்கும்.

— டின்னுக்குள்ள கரண்டி இருக்கும்.

— அங்க எந்தப் புள்ளைக்கும் வயித்தோட்டம் கண்டதா செய்தி இல்ல.

— இன்னைக்குத் திங்கக்கெழமை. மழை இப்பத்தான் தொடங்கியிருக்கு. அதாவதுங்க, என் கை தப்புன்னு நான் நாட்டுறேன்னு வைங்க. கை தப்புன்னா தாள் சரி. தாள் சரின்னா அது சுவத்துலயே இருக்கும். அப்படித்தானுங்களே?

— நீ ரொம்பத் தூரம் யோசிக்கிற.

— புள்ளைக்காம்பராவுல தொட்டில் ஆட்டுறவளுக்கு யோசிக்கிறதுதானுங்க வேலை. சரி, நான் நாட்டுறேன்.

— நிசமாவா?

— நாட்டுறேன். வேலை போகட்டும். லயத்துல காறித் துப்பட்டும். ஆனா ரெண்டு காரியம். நீங்க உங்க காலால நடந்து, பதினொரு இடத்துக்கும் போய், அந்த வார்த்தைய உங்க கையாலேயே திருத்தணும். வாயால சொல்லிப் பாத்தாலே தெரியுது. தேயிலைக் கரண்டியில ரெண்டே எழுத்த எடுத்தாத் தேக்கரண்டியாகும். யி, லை. ரெண்டு எழுத்து, பன்னெண்டு தாள். அவ்வளவுதானுங்க.

— மற்றது?

— கத்தரீனாகிட்டப் போய், அவ சரியாத்தான் வாசிச்சான்னு சொல்லணும். யார் தப்புன்னு சொல்ல வேண்டாம். அவ வாசிச்சது சரி. அத மட்டும்.

— சரி. ஒத்துக்கிறேன்.

— சாமி மேல ஆணையா?

— தமிழ் மேல ஆணையா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்த ஆக்கள் போனதும் முதல் வேலை இதுதான். இந்தா, மைப்பெட்டி. இடது பெருவிரல். அமுக்கி உருட்டு. இன்னும் கொஞ்சம். அப்படித்தான்.

— இவ்வளவுதானுங்களா? சீக்கிரம் முடிஞ்சிருச்சு.

— ஊதாத, அது காயட்டும். மதலேனா, நீ பெரிய மனுசி. உண்மையாத்தான் சொல்றேன்.

— இப்பத்தானுங்க அது தெரிஞ்சுதா? அங்க பாருங்க, மர்சூக் டாக்டர் ஐயா படி ஏறி வாறாரு. குடையக்கூட விரிக்காம ஓடி வாறாரே.

— டாக்டரா! மருந்து கலக்குறவனை எல்லாம் டாக்டர் டாக்டர்னு கெடுத்து வச்சிருக்கீங்க. அந்தத் தாளை இங்க குடு, சட்டைப்பையில வைக்கிறேன். வாங்க, டாக்டர், வாங்க!

— கிளாக்கர்! இங்கயா ஈக்கிறீங்க? கந்தோர், வீடு எல்லாம் தேடிட்டு வாறேன். எங்க லட்டு? லட்டு இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— என்ன விசேஷம், மர்சூக்? நாளைக்கு விசாரணையை வச்சுக்கிட்டு லட்டா?

— என்ன விசாரண? யாரு சென்ன விசாரணண்டு?

— கண்டியில இருந்து டெலிபோன் வந்துச்சே. நானே எடுத்தேன். "பத்திரிகாவ பரீக்ஷா கரன்ன எனவா"ன்னு சொன்னாங்க. பிரசுரத்தைப் பரிசோதனை பண்ண வாறோம், எழுதினவர் நிக்கணும்னு. சிங்களம் எனக்கு விளங்காதா?

— நல்லா வெளங்கிச்சு போங்க! நான் இப்பத்தான் துரைட ரூம்ல இருந்து அவங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அச்சடிக்கிறதுக்கு முந்தி ஒருக்கா பாக்க வாறாங்க. அதுக்குத்தான் பரீக்ஷா. துரை அனுப்பின உங்கட தாள் அவங்களுக்கு நல்லாப் புடிச்சுப் பெய்த்து. இது மாதிரி எடைய அளவாக்கி, சனங்களுக்கு வெளங்கிற மாதிரி யாரும் செஞ்சதில்லையாம். கண்டி, மாத்தளை, நுவரெலியா, எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பப் போறாங்க. எத்தனை தெரியுமா? பத்தாயிரம்!

— பத்தாயிரமா?

— கலர்ல. கீழ உங்கட பேரு வருது.

— பேருமா? முழுப்பேரா?

— முழுப்பேரு, பட்டம் ஈந்தா அதையும் தரட்டாம்.

— மன்றத்துல "சொற்செம்மல்"னு ஒண்ணு குடுத்தாங்க. அதைப் போடலாமா, என்ன சொல்றீங்க? கொஞ்சம் அதிகப்படியா இருக்குமோ?

— கிளாக்கரையா.

— இரு மதலேனா, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்.

— கிளாக்கரையா, விசாரணை இல்லைன்னா என் கைநாட்டுத் தாளைக் குடுங்க.

— என்ன தாள், கிளாக்கர்? அது ஈக்கட்டும், ஏன் மேசை பூரா உப்பு?

— ஒண்ணுமில்ல, டாக்டர். மதலேனா அளவு பழகுறா.

— இல்லைங்க, டாக்டரையா. ஐயாதான் பழகுனாரு. இந்தா பாருங்க, தாள்ல எழுதியிருக்கிற தேயிலைக் கரண்டி இதுதான்னு நாங்க எடுத்துப் போட்டோம். ஐயா நினைச்சது இந்தச் சின்னக் கரண்டி. இதுல ஆறு அதுக்குள்ள போகுது. சுவக்கினுக்கு அதுலதான் கலந்து குடுத்தோம்.

— அந்தக் கரண்டிய இங்க தாங்க... யா அல்லாஹ்.

— அதுல அரைக் கரண்டி உப்புங்க, டாக்டரையா, ஒரு போத்தலுக்கு.

— புள்ளட தோல் பெசஞ்ச மாவு மாதிரி ஈந்திச்சு. வெட்டி இழுத்துச்சு. வயித்தோட்டத்துல போற புள்ள அப்பிடிப் போறல்ல. எனக்கு வெளங்கல்ல. வெளங்காம நான் சாவுப் பதிவுப் புத்தகத்துல வயித்தோட்டம்டு எழுதிட்டேன். கையெழுத்தும் வச்சிட்டேன்.

— சரியாத்தான் எழுதியிருக்கீங்க, மர்சூக். வயித்தோட்டம் இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. கண்டியில குழந்தை செத்தது தெரியுமா?

— தெரியாது. மாசக் கடைசியில கணக்கு போகக்குள்ள ஒரு இலக்கமாப் போகும்.

— அவ்வளவுதான்.

— என்னாங்க அவ்வளவுதான்? தாள் உங்க பையிலயே கெடக்கட்டும், ஐயா. அது எனக்கு வேண்டாம். ரெண்டு எழுத்து மட்டும். நாளைக்கு அவங்க வந்ததும், அச்சுக்குப் போறதுக்கு முந்தி, ரெண்டு எழுத்த எடுத்துருங்க. இப்ப பன்னெண்டு சுவருக்கு நடக்கக்கூட வேண்டாம். உக்காந்த இடத்துலயே ஒரு கோடு போட்டாப் போதும்.

— செய்யலாம் கிளாக்கர், அது சின்ன வேலதானே. மறதியில எழுதிட்டேன்டு செல்லுங்க.

— மறதியா? பத்தாயிரம் அச்சடிக்க வாறவன்கிட்டப் போய், பிழையா எழுதிட்டேன்னு சொல்றதா? ஏன் மாத்துறீங்கன்னு கேப்பான். எப்படித் தெரிய வந்துச்சுன்னு கேப்பான். அந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டுப் போனா சுவக்கின்ல போய் நிக்கும். சுவக்கின்ல நின்னா உங்க புத்தகத்துல போய் நிக்கும், டாக்டர். நீங்க டாக்டரான்னும் அப்பத்தான் கேப்பாங்க.

— ...அதுலயும் ஒரு இது ஈக்கித்தான்.

— டாக்டரையா, நீங்களுமா?

— நான் என்னம்மா செய்ற? எனக்கும் வீட்டுல நாலு புள்ள ஈக்கி.

— அப்ப நானே போறேன். நடந்தே போறேன். பதினொரு காம்பராவுக்கும் போய், டின்னுல கெடக்கிற கரண்டியால அளக்காதீங்கடின்னு வாயால சொல்றேன். அதுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம்.

— போ. தாராளமாப் போ. போறதுக்கு முந்தி ஒண்ணைக் கவனி. ஒரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு குழந்தையைக் கொன்னேன்னு நீயே நாட்டின கைநாட்டு என் பையில இருக்கு. மை இன்னும் காயல. கரண்டியைப் பத்தி நீ சொன்னா எந்த ஆயா நம்புவா? கத்தரீனா நம்புவாளா?

— தமிழ் மேல ஆணை வச்சீங்களே, ஐயா.

— வச்சேன். இல்லைன்னு சொன்னேனா? நான் வாக்குத் தவறுற ஆள் இல்ல, மதலேனா. அந்த ரெண்டு எழுத்தையும் ரெண்டாம் பதிப்புல எடுத்துருவோம்.